கட்டுமானத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பம் படிக்க: முதுநிலையா, சான்றிதழா, வேலையோடு படிப்பா?

சிவில் அல்லது கட்டடக்கலை முடித்துவிட்டுச் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிம் (கட்டடத்தின் தகவலெல்லாம் அடங்கிய கணினி மாதிரி), ட்ரோன், ரோபோ, 3டி பிரின்டிங் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நான் எதைப் படிப்பது, எந்த வழியில் படிப்பது? கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டால் வேலை கிடைக்கும்?

கட்டட மாதிரிகளை ஒருங்கிணைக்கும் வேலையிலும், அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு, வேலையை விடாமல் படிக்கும் பகுதிநேரப் படிப்புதான் நல்லது. ரோபோ, டிஜிட்டல் உற்பத்தி என்று போக நினைப்பவர் மட்டும் முழுநேர முதுநிலைக்குப் போக வேண்டும். அங்கே வீட்டிலிருந்து கற்க முடியாத ஒன்று இருக்கிறது. சாஃப்ட்வேர் சான்றிதழ் முதல் வேலைக்கு உதவும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, முதலில் எதைப் படிக்கப் போகிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஒரே பெயருக்குள் மூன்று தொழில்கள்

டிஜிட்டல் கட்டுமானம் என்று சொல்வதில் மூன்று வேறு வேறு தொழில்கள் அடங்கும். கட்டடத்தைப் பற்றிய தகவலை உருவாக்கி, ஒழுங்குபடுத்தி, கைமாற்றுவது ஒன்று. ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தையோ நிலத்தையோ ஸ்கேனர், ட்ரோன் கொண்டு அளப்பது இன்னொன்று. மாதிரியிலிருந்து நேராக இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்துக் கட்டுவது மூன்றாவது. பல படிப்புகளின் விளம்பரத்தில் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஆனால் ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு மற்றதில் ஆர்வமே இல்லாமல் போவதை நிறையப் பார்க்கலாம்.

தகவல் பக்கம்தான் வேலை அதிகம், புரிதல் குறைவு. பழைய வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடு. பிம் மாதிரியில் சுவர் ஒரு பொருள். அதன் தடிமன், எதனால் ஆனது, சுமை தாங்குமா, வெளிச்சுவரா, எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்பதெல்லாம் அதனோடேயே இருக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும்? கதவுகளின் தீ தாங்கும் நேரத்தை ஒருவர் '60 நிமிடம்' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் '1 மணி' என்று எழுதியிருப்பார், மூன்றாமவர் அதையே 'இ.ஐ. 60' என்று ஐரோப்பியக் குறியீட்டில் குறித்திருப்பார், நான்காமவர் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருப்பார். மனிதர் படித்தால் புரிந்துவிடும். ஒரு மணி நேரம் தாங்கும் கதவு எத்தனை என்று கணினியைக் கேட்டால் தப்பான எண் வரும். அந்த எண்ணை வைத்தே கதவுக்கு ஆர்டரும் போய்விடும்.

கிளாஷ், அதாவது மோதல் பார்ப்பதும் இதே கதைதான். கட்டமைப்பு, குழாய், மின்சாரம் என்று ஒவ்வொரு துறையின் மாதிரியையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சோதனையை ஓட்டினால் சாஃப்ட்வேர் ஆயிரக்கணக்கில் மோதல்களைக் காட்டும். அதில் எது உண்மையான பிரச்சினை, எதை விட்டுவிடலாம், யார் நகர வேண்டும் என்பதைச் சாஃப்ட்வேர் சொல்லாது. கழிவுநீர்க் குழாய் சாய்வில் ஓட வேண்டும். அதை மேலே தூக்கினால் தண்ணீர் போகாது. அழுத்தத்தில் ஓடும் தண்ணீர்க் குழாயை வளைக்கலாம். கேபிள் ட்ரே இன்னும் சுலபமாக ஒதுங்கும். உத்திரத்தில் ஓட்டை போடலாமா என்றால், எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக என்று கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் பேசவே முடியாது. இந்த அறிவு சைட்டிலிருந்தும் மற்றத் துறைக்காரர்களோடு உட்கார்ந்த கூட்டங்களிலிருந்தும் வருவது. கிளாஷ் சோதனையை ஓட்டக் கற்க ஒரு மதியம் போதும்.

இந்தத் துறையின் அடித்தளம் இரண்டு தரநிலைகளில் இருக்கிறது. ஒன்று ஐ.எஃப்.சி. எனும் திறந்த கோப்பு வடிவம். பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு உருவாக்கியது, 2013-இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற சர்வதேசத் தரமாக வந்தது. எந்த நிறுவனத்தின் சாஃப்ட்வேரில் செய்த மாதிரியையும் வேறொன்றில் திறந்து படிக்க இது வழி செய்கிறது. மற்றொன்று ஐ.எஸ்.ஓ. 19650, முதல் இரண்டு பகுதிகள் 2018-இல் வெளியாயின. யார் எந்தத் தகவலை, எப்போது, எந்த நிலையில், யாருக்குத் தர வேண்டும் என்பதை அது வகுக்கிறது. கோப்பு வேலையில் இருக்கிறதா, மற்றவர்களோடு பகிரப்பட்டதா, ஒப்புதலோடு வெளியானதா, காப்பகத்துக்குப் போனதா என்ற நான்கு நிலைகளும் அதில் வருபவைதான். பிரிட்டனில் மத்திய அரசின் கட்டுமானத் திட்டங்களுக்கு 2016 ஏப்ரலிலிருந்து பிம் கட்டாயமானது. அதற்காக அங்கே எழுதிய விதிமுறைகளே பின்னர் இந்தச் சர்வதேசத் தரத்துக்கு அடிப்படையாக அமைந்தன. ஒரு படிப்பின் பாடத்திட்டத்தில் இந்த இரண்டு பெயர்களும் இல்லையென்றால், அங்கே கற்றுத் தருவது 3டி வரைதல் மட்டும்தான்.

அளக்கும் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். லேசர் ஸ்கேனர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத் தூரத்தைக் கணிக்கிறது. கோடிக்கணக்கான புள்ளிகள் கொண்ட பாயின்ட் கிளவுட் கிடைக்கிறது. கண்ணாடி, தண்ணீர், பளபளக்கும் உலோகம் மூன்றும் அதை ஏமாற்றும். ஓரிடத்தில் நின்று எடுத்த ஸ்கேன் துல்லியமாக இருந்தாலும், பல இடங்களில் எடுத்ததை ஒன்றோடொன்று இணைக்கும்போது பிழை சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் நில அளவைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும். ட்ரோன் படங்களிலிருந்து மாதிரி செய்வதற்கும் அப்படியே: அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், தரையில் அளந்த புள்ளிகள் இருக்க வேண்டும். இதன் மதிப்பு என்ன என்பதற்கு பாரிஸின் நோத்ர் தாம் பேராலயம் போதும். கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன், 2019 ஏப்ரல் தீ விபத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதை லேசரால் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். எரிந்துபோன பகுதிகள் எப்படி இருந்தன என்பதற்கு அது மதிப்புமிக்க பதிவாக அமைந்தது. பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. நில அளவை தெரிந்த ஒருவர் இந்தத் துறைக்குள் நுழைய முதுநிலை தேவையில்லை என்பது என் எண்ணம். கருவியோடு சில மாதம் வேலை, அளவைக் கணக்கில் உறுதி, இந்த இரண்டும் இருந்தால் போதும்.

மூன்றாவது, இயந்திரத்தால் கட்டுவது. படங்களில் மிகக் கவர்ச்சியாகத் தெரிவது இதுதான், கற்பதற்கு மிகக் கடினமானதும் இதுதான். கான்கிரீட் பிரின்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கலவை குழாயில் எளிதாக ஓட வேண்டும். வெளியே வந்த மறுகணம் தன் மேல் வரும் அடுக்கின் எடையைத் தாங்கி நிற்க வேண்டும். ஆனால் சீக்கிரம் இறுகிவிட்டால் அடுத்த அடுக்கு ஒட்டாது, இரண்டுக்கும் நடுவே பலவீனமான இணைப்பு வந்துவிடும். கம்பியை எப்படி உள்ளே வைப்பது என்பது தனிப் பிரச்சினை. ஸூரிச்சின் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகம் அதற்கு வேறொரு பாதையில் போய், ரோபோவே கம்பி வலையைப் பின்னிப் பற்றவைக்க, அந்த வலையே ஷட்டரிங்காகவும் உள்ளிருக்கும் கம்பியாகவும் இருக்கும்படி செய்தது. 2019-இல் சுவிட்சர்லாந்தின் ட்யூபென்டார்ஃபில் திறந்த டிஃபாப் ஹவுஸ் வீட்டில் அந்தச் சுவர் இருக்கிறது. அதே வீட்டின் கான்கிரீட் தளத்துக்கு மணலை 3டி பிரின்ட் செய்து அச்சு தயாரித்தார்கள். இப்படி ஒன்றைச் செய்ய கணிதம், பொருளறிவு, நிரலாக்கம், இயந்திர அறிவு எல்லாம் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

முழுநேர முதுநிலை யாருக்கு

இந்த மூன்றாவது பாதைக்காகத்தான் முழுநேரப் படிப்பை உறுதியாகச் சிபாரிசு செய்கிறேன். ஆறு அச்சுகளில் திரும்பும் ரோபோ கையை யாரும் வீட்டில் வைத்துப் பழக முடியாது. தப்பு செய்தால் உடையும் பொருள், ஆபத்தான வேகம், கூடவே நிற்கும் தொழில்நுட்பர் என்று ஆய்வகம் தரும் சூழல் வேறு எங்கும் கிடைப்பதில்லை. ஈ.டி.ஹெச்.சில் கட்டடக்கலைஞர்கள் கிராமாசியோ, கோலர் இருவரும் கட்டடக்கலைக்கான ரோபோ ஆய்வகத்தை 2005-லேயே தொடங்கிவிட்டார்கள். கட்டடக்கலையும் டிஜிட்டல் உற்பத்தியும் சேர்ந்த ஓராண்டு மேற்படிப்பு அங்கே இருக்கிறது. ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் ஐடெக் முதுநிலை இரண்டாண்டு. கட்டடக்கலைஞரையும் பொறியாளரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கிறது. ஆகன் நகரின் ஆர்.டபிள்யூ.டி.ஹெச். பல்கலைக்கழகம் கட்டுமானத்தையும் ரோபோவியலையும் இணைத்தே ஒரு முதுநிலை நடத்துகிறது. மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டிலும் வடிவமைப்பு ஆராய்ச்சியின் வாசனை அதிகம், மூன்றாவது சைட்டில் ஓடும் இயந்திரத்துக்கு நெருக்கமானது. கட்டடக்கலைப் பின்னணியோடு, நிரல் எழுதுவதில் ஏற்கெனவே ருசி கண்டவருக்கு முதல் இரண்டும் பொருந்தும். சிவில், இயந்திரவியல் பின்னணிக்காரருக்கு நான் மூன்றாவதைச் சொல்வேன்.

தகவல் பக்கத்துக்கும் முழுநேர முதுநிலைகள் உண்டு. போர்ச்சுகலின் மின்யோ, ஸ்லொவேனியாவின் லியூப்லியானா, இத்தாலியின் மிலான் பாலிடெக்னிக் மூன்றும் சேர்ந்து நடத்தும் பிம் ஏ பிளஸ் படிப்பு ஓராண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடத் தகவல் மாதிரி பற்றிய ஆராய்ச்சி ஆழமாக நடக்கிறது. இவை நல்ல இடங்கள், சந்தேகமில்லை. ஆனாலும் கல்லூரியை விட்டு வந்தவுடனே, ஒரு சைட்டையும் பார்க்காமல் இவற்றில் சேர்வதை நான் ஊக்குவிப்பதில்லை. தகவல் ஒழுங்கைப் பற்றிய பாடம், ஒழுங்கில்லாததால் வரும் கஷ்டத்தை ஒரு முறையாவது பார்த்தவருக்குத்தான் முழுசாக இறங்கும். கூட்டத்தில் பழைய வரைபடத்தை வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம் என்று பாதியில் தெரியவரும் சங்கடத்தை அனுபவித்தவருக்கு, கோப்பின் நான்கு நிலைகள் ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓரிரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போனால் அதே ஓராண்டில் இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு வரலாம்.

ஆராய்ச்சிக்கோ கற்பித்தலுக்கோ போக விரும்புபவர் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்க வேண்டாம். அவருக்கு முதுநிலை வேண்டும், ஆய்வேடும் வேண்டும். வேறொரு நாட்டில் வேலை தேட நினைப்பவருக்கும் அப்படித்தான். பட்டம் அங்கே நுழைவுச் சீட்டாக வேலை செய்யும் அளவுக்குச் சான்றிதழ் வேலை செய்யாது.

சாஃப்ட்வேர் சான்றிதழைப் பற்றி நேராக

சில வாரங்களில் முடியும் ரெவிட், டெக்லா, நேவிஸ்வொர்க்ஸ் படிப்புகளை இழிவாகப் பேசுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பட்டயப் படிப்பு முடித்த வரைவாளர் ஒருவருக்கு, குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு, இரண்டாண்டு முதுநிலையைப் பற்றிப் பேசுவது எந்த உதவியும் இல்லை. அவர் மாதிரி செய்யும் வேலையில் சேர இந்தச் சான்றிதழ்தான் வழி, சேர்ந்த பிறகு கற்க நிறைய நேரம் இருக்கிறது.

ஆனால் அதன் எல்லை தெரிய வேண்டும். விண்ணப்பங்களில் சாஃப்ட்வேர் பெயர்கள் வரிசையாக இருக்கும்; அவை எல்லோரிடமும் இருப்பதால் யாரையும் தனியாகக் காட்டுவதில்லை. நேர்காணலில் நான் கேட்க விரும்புவது வேறு: இரண்டு மாதிரிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் தள்ளித் தெரிந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? ஆயத்தொலைவு, பொது மூலப்புள்ளி, வடதிசைச் சுழற்சி என்று பேசத் தொடங்குபவர் வேலை செய்தவர். ரெவிட் மாதிரியைப் புதிய பதிப்பில் சேமித்துவிட்டால் பழைய பதிப்பில் திறக்காது என்பதால் திட்டம் முழுவதும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும் என்று சொல்பவருக்கும் அனுபவம் இருக்கிறது. இவை சான்றிதழ்த் தேர்வில் மதிப்பெண் தராத விஷயங்கள்.

சான்றிதழ்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாக எடுங்கள்: ஒரு சாஃப்ட்வேருக்கு ஒன்று, எந்த சாஃப்ட்வேரையும் சாராத பில்டிங்ஸ்மார்ட் அடிப்படைநிலைத் தேர்வு ஒன்று. இரண்டாவதற்குப் படிப்பது அதிகமில்லை, ஆனால் தரநிலைகளின் மொழி அப்போதுதான் காதில் விழும்.

வேலையோடு படிப்பது

என் பரிந்துரை பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. பகுதிநேர முதுநிலையாகவோ, வேலையில் இருப்பவர்களுக்கான பல்கலைக்கழகச் சான்றிதழாகவோ இருக்கலாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1988-இல் தொடங்கிய சைஃப் மையம் வி.டி.சி. (கட்டுவதற்கு முன்பே கணினியில் வடிவமைத்துத் திட்டமிடுவது) என்ற முறையைக் கற்பிக்கும் விதம் எனக்குப் பிடித்தது: சிறிது காலம் தீவிர வகுப்பு, அப்புறம் தன் சொந்தத் திட்டத்திலேயே வழிகாட்டலோடு மாதக்கணக்கில் செயல்படுத்துவது. வகுப்பில் கேட்டதை அடுத்த வாரக் கூட்டத்தில் சோதிக்கலாம். சோதித்தது வேலை செய்யாவிட்டால் ஏன் என்று ஆசிரியரிடம் போய்க் கேட்கலாம். முழுநேர வகுப்பில் பாடத்துக்காகத் தயாரித்த சுத்தமான மாதிரிதான் கிடைக்கும். காலிக் கட்டங்களும் பெயர் மாறிய கோப்புகளும் இருக்கும் மாதிரி அலுவலகத்தில் கிடைக்கும். உண்மையான வேலை அந்த இரண்டாவதில் இருக்கிறது.

இதன் கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். திட்டத்தின் கெடு நெருங்கும் மாதத்தில் படிப்பு நின்றுபோகும். அதைத் தாங்கும் வகையில் பாடங்களை அலகு அலகாக முடிக்க விடும் படிப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அலுவலக மாதிரியைப் பாடத்துக்குப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தகவல் வாடிக்கையாளருடையது. இன்னொன்று இதைவிடப் பெரியது: நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் இன்னும் காகிதத்திலும் 2டி வரைபடத்திலும் மட்டும் எல்லாம் நடந்தால், வேலையோடு படிப்பதன் பலன் பாதியாகிவிடும். அப்போது முதலில் வேலையை மாற்றுங்கள், படிப்பை அப்புறம் பார்க்கலாம்.

இந்தத் துறை மெதுவாகத்தான் மாறுகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மெக்கின்சி நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் கட்டுமானத் துறையின் உற்பத்தித்திறன் ஆண்டுக்குச் சராசரியாக 1 சதவீதம்தான் உயர்ந்தது. உலகப் பொருளாதாரம் முழுவதற்கும் அது 2.8 சதவீதம். இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஓராண்டு தாமதமாகப் படித்தால் ரயிலைத் தவறவிட்டுவிடுவோம் என்ற பயமும் வேண்டாம். நிதானமாகத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்கிறது.

தனியாகக் கற்பது எவ்வளவு தூரம் போகும்

நினைப்பதைவிட அதிக தூரம் போகும். ஐ.எஃப்.சி. கோப்புகளை நேரடியாகத் திருத்த பிளெண்டர் எனும் 3டி மென்பொருளில் இயங்கும் போன்சாய், பைத்தான் நிரலால் அவற்றைப் படிக்க ஐ.எஃப்.சி.ஓப்பன்ஷெல், பாயின்ட் கிளவுட் பார்க்க கிளவுட்கம்பேர், ட்ரோன் படங்களுக்கு ஓப்பன்ட்ரோன்மேப் எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை, திறந்த மூல மென்பொருள்கள். பயிற்சிக்கான மாதிரிக் கோப்புகளை பில்டிங்ஸ்மார்ட் அமைப்பே பொதுவில் வைத்திருக்கிறது. மாலை நேரங்களில் பைத்தான் கற்றுக்கொண்டு, ஆயிரம் அறைகளின் பெயர்களைச் சரிபார்க்கும் சின்ன நிரல் எழுதத் தெரிந்த பொறியாளரை எந்தக் குழுவும் விடாது. பட்டம் இல்லாமலேயே இந்தத் திறமை ஒருவரை மேலே கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்க்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும்.

குறை ஒன்றுதான், அது பெரிய குறை. தனியாகக் கற்பவரின் மாதிரியை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. குழாய்க்காரரின் மாதிரி உங்கள் மாதிரியோடு மோதுவதில்லை, 'இந்தத் தகவலை வைத்து என்னால் ஆர்டர் போட முடியாது' என்று யாரும் சொல்வதில்லை. அதனால் தனிப்படிப்பை முழுப் பாதையாக எடுக்காமல், மற்ற எந்தப் பாதைக்கும் முன்னே வரும் மூன்று நான்கு மாத நடையாக எடுத்துக்கொள்வது நல்லது.

சேர்வதற்கு முன்னே கேட்க வேண்டியவை

பணம் கட்டுவதற்கு முன் படிப்பை நடத்துபவர்களிடம் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். மாணவர்கள் குழுவாக, வேறு வேறு துறைப் பாத்திரங்களில், வேறு வேறு சாஃப்ட்வேரில் மாதிரி செய்து ஒருவருக்கொருவர் கைமாற்றுகிறார்களா? முடிவுத் திட்டம் உண்மையான கட்டடத்தின் மேலா, பாடத்துக்காகச் செய்த மாதிரியின் மேலா? நிரலாக்கம் கட்டாயமா, விருப்பமா? ரோபோ ஆய்வகத்தைக் காட்டினால், ஒரு மாணவருக்கு இயந்திரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், அல்லது அது ஆராய்ச்சி மாணவர்களுக்கு மட்டுமா? முந்தைய ஆண்டு ஆய்வேடுகள் இரண்டைப் படிக்கத் தர முடியுமா? கடைசிக் கேள்விக்குத் தயங்கும் இடத்தை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

'டிஜிட்டல் ட்வின்' என்று தலைப்பிட்ட படிப்புகளிடம் கூடுதலாக ஒன்று: உண்மைக் கட்டடத்திலிருந்து தொடர்ந்து தரவு வந்து மாதிரியைப் புதுப்பிக்கிறதா? சென்சார் படம் ஒட்டிய 3டி மாதிரியை ட்வின் என்று சொல்பவர்கள் நிறைய. கட்டடத்தை நடத்திப் பராமரிக்கும் பக்கத்தில் ஆர்வம் உள்ளவருக்கு உண்மையான ட்வின் படிப்பு அருமையான தேர்வு. ஆனால் அதற்கு ஐ.எஃப்.சி. தெரிந்தால் மட்டும் போதாது. தரவுத்தளமும் கட்டடத்தின் இயந்திர அமைப்புகளும் தெரிய வேண்டும்.

எந்தப் பக்கம் உங்களுக்கு என்று இன்னும் தெரியவில்லை என்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பில்டிங்ஸ்மார்ட்டின் மாதிரிக் கோப்பு ஒன்றை இறக்கி போன்சாயில் திறங்கள். எல்லாக் கதவுகளையும் தீ தாங்கும் நேர வாரியாக எண்ணும் பைத்தான் நிரல் எழுதுங்கள். காலியாக இருப்பதை நிரப்பி, வேறு சாஃப்ட்வேர் வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பி, அவர் திறக்கும்போது என்ன காணாமல் போகிறது என்று பாருங்கள். அடுத்து, வீட்டில் ஓர் அறையைச் சுற்றி ஃபோனில் நூறு படம் எடுத்து ஓப்பன்ட்ரோன்மேப்பில் கொடுத்து, கிடைக்கும் பாயின்ட் கிளவுடை ஒரு சுவரின் டேப் அளவை வைத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற அளவுகளை டேப்போடு ஒப்பிடுங்கள். ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். காணாமல் போன தகவலைத் துரத்திக்கொண்டு ராத்திரி உட்கார்ந்தவர் பகுதிநேரத் தகவல் மேலாண்மைப் படிப்புகளின் பாடத்திட்டங்களை வரவழைக்கலாம். டேப் அளவுக்கும் பாயின்ட் கிளவுடுக்கும் உள்ள வித்தியாசம் ஏன் என்று விடாமல் தேடியவர் நில அளவைக் குழு ஒன்றில் சேர்ந்து கருவியைக் கையில் எடுக்கலாம். இரண்டும் சலித்துப்போய், 'சரி, இதை இயந்திரத்தால் செய்வது எப்போது?' என்று கேட்டவர் முழுநேர முதுநிலைக்கான விண்ணப்பத்தை எழுதத் தொடங்கலாம்.